முனியப்பனுக்குப் படைத்த இத்தாலி ஒயின்

போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த மகள், பையிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இத்தாலிம்மா. ஒரே குடும்பம் நாலு தலைமுறையா பண்றாங்களாம்." தக்கையை இழுத்ததும் நாவல் பழமும் நனைந்த மரமும் கலந்தாற்போல் ஒரு வாசனை. நான் ஒயின் குடித்தவள் இல்லை. ஆனால் அந்த வாசனை தெரியும். எங்கள் ஊர் முனியப்பன் கோயில் கல்லில் முகர்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தக்காளிக்கூழ் தொழிற்சாலையில் எனக்கு முதல் வேலை. புது மெஷினை ஓட்டிக்காட்ட இத்தாலியிலிருந்து பாவ்லோ வந்தார். இரண்டே நாளில் அவரைப் பாலு சார் ஆக்கிவிட்டோம். லேபில் இருந்த எனக்கு ஓட்டை இங்கிலீஷ் வரும் என்பதால் அவர் பேசுவதைத் தமிழில் சொல்வதும் என் வேலையாயிற்று. ஒருநாள் எங்கள் தக்காளித் தோட்டத்தைப் பார்க்க வந்தார். அப்பா செடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். சட்டையெல்லாம் சாறு ஒழுக, நின்றபடியே தின்றார் மனிதர்.

ஊருக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். அவர்கள் தோட்டத்துத் திராட்சையாம், அவர் அப்பா செய்ததாம். "இது உங்க அப்பாவுக்கு" என்றார். டவுன் பஸ்ஸில் ஒயினை மடியில் வைத்துக்கொண்டு வந்த கொடுமையை என்ன சொல்ல! ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய்த் திரும்பியது.

அப்பா பீடிகூடத் தொடாதவர். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மனுசன் ஆசையா குடுத்தத வீணாக்கக் கூடாது பாப்பா. நம்ம வூட்ல குடிக்க ஆளில்ல. குடிக்கறவருக்கே குடுத்துரலாம்."

குடிக்கிறவர் முனியப்பன். சாராயமும் சுருட்டும் வைத்து அவருக்குப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனோம். பூசாரி மூடியைத் திருகிப் பார்த்து, முடியாமல், ஸ்க்ரூடிரைவரால் தக்கையை உள்ளே தள்ளினார். படைத்தபின் மிச்சம் பூசாரிக்கு. ஒரு வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "கெட்டுப் போச்சுங்க, புளிக்குது" என்று முழுவதையும் கல்லில் கவிழ்த்துவிட்டார்.

மறுநாள் பாலு சார் ஆவலாகக் கேட்டார், அப்பாவுக்குப் பிடித்திருந்ததா என்று. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அவருடைய அப்பா போய் ஒரு வருஷமாம். அண்ணன்மார் தோட்டத்தை விற்றுவிட்டார்களாம். அவர் அப்பா கையால் செய்ததில் கடைசி பாட்டிலாம் அது. விவசாயம் பார்க்கிற ஒருவர் குடிக்கட்டும் என்றுதான் கொடுத்தாராம். உண்மை தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். இன்றுவரை அது எனக்கு வெட்கம்தான்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"முன்னாலயே தெரிஞ்சிருந்தா நானே ஒரு வாய் குடிச்சிருப்பனே பாப்பா."

போன வாரம் மகள் ஊற்றிக் கொடுத்ததில் அப்பாவுக்காக ஒரு வாய் குடித்தேன். புளிக்கத்தான் செய்தது, பூசாரி பொய் சொல்லவில்லை. அவரும் இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. தொழிற்சாலையைப் பூட்டிப் பல வருஷமாகிறது. எங்கள் தோட்டத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். விற்ற பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. பாலு சாரிடமாவது கொடுப்பதற்கு ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. என்னிடம் அந்தத் தோட்டத்துத் தக்காளி ஒன்றுகூட இல்லை.