கொத்தமல்லிக்குப் பூஜ்யம்

1. முதல் நாள்

எங்கள் தீவு சுதந்திரம் பெறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், லாங் மவுண்டன் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. எனக்கென்று வகுப்பறை கிடையாது. மற்றப் பாடங்களெல்லாம் முடிந்த பிறகு வராந்தாவின் கோடியில் பதினாலு பிள்ளைகள், ஒரு கரும்பலகை, அரை மணி நேரம். அதுதான் தமிழ் வகுப்பு.

மெட்ராஸில் அச்சான பாடப்புத்தகம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் 'அ', பக்கத்தில் அணில் படம். படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த எட்டு வயது வீரம்மா சட்டென்று சொன்னாள்: "லெரா!"

லெரா என்றால் கிரியோலில் எலி. பிள்ளைகள் வீட்டில் பேசுவது, தீவு முழுக்கப் புழங்குகிற பிரெஞ்சுக் கலப்பு மொழியான அந்தக் கிரியோல்தான். ஆனால் தமிழ் வகுப்பில் அந்தப் பேச்சு காதில் விழக்கூடாது என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்கேலால் அவள் கையில் ஒன்று போட்டேன்.

இந்தத் தீவில் அணிலே கிடையாது. பார்த்தேயிராத பிராணிக்கு, தனக்குத் தெரிந்ததில் அதற்குக் கிட்டத்தில் வருகிற ஒன்றைத் தேடிச் சொன்னாள் அந்தப் பிள்ளை. அது புத்திசாலித்தனம். அதற்கு நான் கொடுத்தது அடி. மற்றவர்கள் மேல் உள்ள கோபத்தை எழுதுவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும்.

2. காகிதத்தில் சுற்றிய கட்டு

ஆறு மாதம் கோரஸ் போட்டோம். நான் 'ஏற்றம்' என்பேன். பதினாலு பேரும் 'ஏற்றம்' என்பார்கள். அது என்ன பொருள் என்று அவர்களுக்கும் தெரியாது, தலைநகர் போர்ட் லூயிஸில் பிறந்து வளர்ந்த எனக்கும் சரியாகத் தெரியாது. பக்கம் பக்கமாக வாசித்தார்கள். புத்தகத்தை மூடினால் ஒரு சொல் நிற்காது.

ஒருநாள் வீரம்மா தாமதமாக வந்தாள். அவள் அம்மா வீட்டுக்குப் பின்னால் காய், கீரை போட்டு விற்பவள். பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டை என்னிடம் நீட்டிக் கிரியோலில் சொன்னாள்:

"மிஸ்யே, கொத்தோமிலி. மமா குடுத்துச்சு."

மிஸ்யே என்றால் ஐயா. கட்டை வாங்கி முகர்ந்தேன். கொத்தோமிலி. பிறந்ததிலிருந்து நானும் கிரியோலில் அப்படித்தான் சொல்கிறேன். சந்தையில் சீனர், முஸ்லிம், ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல்காரர் எல்லோரும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். எங்கிருந்து வந்த சொல் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பலகையில் 'கொத்தமல்லி' என்று எழுதினேன். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்த வீரம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இது கிரியோல்தானே, மிஸ்யே?"

"இல்லம்மா. இது தமிழ். உன் வாயில ஏற்கெனவே இருக்கு."

அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை. வேறு என்னென்ன இருக்கிறது என்று தேடினோம். அவர்கள் 'கரிப்பூலே' என்றார்கள். கறிவேப்பிலை என்று எழுதினேன். 'முரூம்' என்றார்கள்; முருங்கை. 'பிப்பங்காய்' என்றார்கள், பீர்க்கங்காய். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினார்கள். அடக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் முறை இதுதான். ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதற்கு மேல் இல்லை. முதலில் பொருள் கையில் இருக்க வேண்டும், முகர வேண்டும், அப்புறம் பெயர், எழுத்து கடைசியில். பெயரோடு ஒரு வேலையும் சேரும். கொத்தமல்லி கிள்ளு. கறிவேப்பிலை உருவு. கீரை ஆய். சொல்லிக்கொண்டே செய்வார்கள். நேற்றைய சொல்லை இன்றைய வாக்கியத்தில் நுழைப்பேன். மூன்றாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பக் கேட்பேன். கீரையிலிருந்து சட்டிக்கும், சட்டியிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து வீட்டு மனிதர்களுக்கும் போனோம். நாலு மாதத்தில் பிள்ளைகள் தாங்களாகவே வாக்கியம் சொன்னார்கள். "எங்க மாமா பீர்க்கங்காய் தின்ன மாட்டாரு" என்று ஒருத்தி சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. பரீட்சை

வருஷக் கடைசியில் தமிழ் வகுப்புகளைப் பரிசோதிக்கப் போர்ட் லூயிஸிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கோட்டு, தங்க பிரேம் கண்ணாடி, சுத்தமான செந்தமிழ். தலைமையாசிரியரும் கூட வந்து நின்றார். அவர் கிரியோல்காரர், தமிழ் தெரியாது.

பெரியவர் முதல் பக்கத்தைத் திறந்து வீரம்மாவிடம் நீட்டினார். அவள் படத்தைப் பார்த்தாள், முதல் நாள் அடித்த என் கையைப் பார்த்தாள், தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சரி, உனக்குத் தெரிந்த ஐந்து தமிழ்ச் சொற்களைக் கூறு."

முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. "கொத்தமல்லி, கறிவேப்பிலை, முருங்கை, பீர்க்கங்காய்..." உச்சரிப்பில் கிரியோல் வாடை அடித்தது உண்மைதான். ஐந்தாவது சொல்லை அவர் சொல்ல விடவில்லை.

"இது தமிழா? காய்கறிக்கடைக் கூச்சல்! இந்தக் கிரியோல் வாய்க்கு இவ்வளவுதான் வரும்" என்று சிரித்தார். அவள் பெயருக்கு நேராகப் பூஜ்யம் போட்டார். மற்றப் பிள்ளைகளையும் அப்படியே தள்ளிவிட்டு, இந்த வகுப்பைத் தொடர்வதில் பயனில்லை என்று குறிப்பெழுதினார்.

நான் பேசாமல் நின்றேன். வேலை நிரந்தரமாகவில்லை என்கிற பயம்.

அவர் போன பிறகு தலைமையாசிரியர் கேட்டார்: "அந்தச் சின்னப் பொண்ணு கொத்தோமிலியப் பத்தி என்ன சொன்னா?"

"அது தமிழ்ச் சொல், மிஸ்யே. அதைத்தான் சொன்னாள்."

"கொத்தோமிலியா? கரிப்பூலேயும் கூடவா?" மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ சின்ன வயசிலேர்ந்து நானே தமிழ் பேசிட்டிருக்கேன். அதுக்கா அந்த ஆள் பூஜ்யம் போட்டான்?"

4. அம்மா கேட்ட கேள்வி

மறுநாள் வீரம்மா வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. வீடு தேடிப் போனேன். அவள் அம்மா பாத்திக்கு நடுவில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. பாதி தமிழும் பாதி கிரியோலுமாகப் பேசினாள்.

"எம்மவள நுல்லுன்னு, முட்டைன்னு எழுதிட்டாங்களாம். ஒண்ணுத்துக்கும் ஒதவாதவளுக்கு இஸ்கூல் என்னாத்துக்கு, மிஸ்யே?"

"அந்தப் பூஜ்யம் அவளுக்கு இல்லம்மா. அவ சொன்னதெல்லாம் சரி."

"சரியா? அப்ப அந்தாளு எழுதும்போதே நீங்க ஏன் சொல்லல?"

வந்த வழியே திரும்பி நடந்தேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போர்ட் லூயிஸ் போனேன். பெரியவர் தன் அலுவலகத்தில் இருந்தார். வந்த காரணத்தைச் சொன்னதும் முகம் சிவந்தது.

"நீ எனக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

"இல்லைங்க ஐயா. ஒரு கேள்வி. நீங்க அணிலைப் பார்த்திருக்கீங்களா?"

அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான், கப்பல் ஏறியதில்லை.

"படத்தில் பார்த்திருக்கிறேன்" என்றார்.

"அந்தப் பிள்ளையும் அப்படித்தாங்க பார்த்தா. கொத்தமல்லிய தினமும் கையால கிள்றா. அவளுக்குத் தெரிஞ்சதுக்கு எப்படிங்க பூஜ்யம்?"

"வெளியே போ" என்றார். போனேன். மதிப்பெண்ணை அவர் கடைசி வரை மாற்றவில்லை.

வகுப்பை மூடவிடாமல் செய்தவர் தலைமையாசிரியர். ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை சொல் எழுதவும் பேசவும் தெரியும் என்று நான் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். அவர் தன் பிரெஞ்சில் காரசாரமாக ஒரு கடிதம் எழுதி அதோடு சேர்த்து அனுப்பினார். மேலிடத்திலிருந்து பதிலும் வரவில்லை, மூடச் சொல்லி உத்தரவும் வரவில்லை. வகுப்பு நடந்தது. வீரம்மா மறுவாரமே வந்தாள்; நான் பெரியவரிடம் போய்க் கேட்டதைச் சொன்னதும் அம்மாவே கூட்டிவந்து விட்டாள். அன்று எல்லோர் முன்னாலும், முதல் நாள் அடித்தது என் தப்பு என்று அவளிடம் சொன்னேன். என்னை அடுத்த வருஷம் தேர் ரூஜ் என்ற ஊருக்கு மாற்றினார்கள்.

இப்போது வகுப்பெடுக்க வருகிற இளைஞர்கள் என்னிடம், சொல் கற்றுக்கொடுக்க எது நல்ல வழி என்று கேட்கிறார்கள். பிள்ளைக்கு என்ன தெரியாது என்று பார்க்காதீர்கள், என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள் என்பேன். அது பாதிதான். உங்கள் கண்ணெதிரே ஒருவன் பிள்ளைக்கு அநியாயமாகப் பூஜ்யம் போட்டால், அந்தப் பேனா காகிதத்தை விட்டு எழுவதற்குள் வாயைத் திறங்கள். நான் திறக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் ஒரு பெண் குழந்தை தான் உதவாதவள் என்று நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.