மகளின் படிவத்தில் என் பதில்

குப்பை. என் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய் முதன்முதலாகத் தன் விருப்பத்துக்குத் தெரிவு செய்த பாடம் அதுதான்.

அவள் படிப்பது பொருளியல். ஆனால் முதலாம் ஆண்டில் எல்லோரும் தங்கள் துறைக்கு வெளியே ஒரு சின்ன செமினார் வகுப்பு எடுக்க வேண்டுமாம். பன்னிரண்டு பேர், ஒரு மேசை, ஒரு தவணை. கணினியில் முப்பது தலைப்புகள் கிடந்தன. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்றைக் குறித்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. இந்த லண்டன் நகரம் காலங்காலமாகத் தன் குப்பையை எங்கே கொட்டியது, அதைக் கிளறிப் பிழைத்தவர்கள் யார் என்ற தலைப்பை அவள் குறித்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னபோது அவள் முகம் எவ்வளவு மலர்ந்திருந்தது என்பதை நான் பார்த்தேன். பார்த்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"விசரே உனக்கு? குப்பையைப் படிக்கவே நாங்கள் இவ்வளவு பாடுபட்டனாங்கள்?"

"ஒரு டேர்ம்தானே அப்பா. எனக்கு விருப்பமா இருக்கு."

"டேட்டாவைப் பற்றி ஒண்டு இருக்கெண்டு சொன்னனி. அதை எடு. நாளைக்கு ஒரு வேலைக்கு உதவும்."

"அதுதான் மற்றப் பாடம் எல்லாத்திலயும் வருதே."

மனைவி கறிச்சட்டியை மேசையில் வைத்தபடி சிரித்தாள். "இஞ்சேருங்கோ, குப்பையில கிடந்தாலும் குண்டுமணி குண்டுமணிதான். பிள்ளையை விடுங்கோ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், வேலை பற்றிய கவலை பாதிதான். தெற்கு லண்டனில் சட்டன் பக்கத்தில் எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழாக்களுக்குப் போனால், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே யாராவது கேட்பார்கள்: "மகள் என்ன படிக்கிறா?" அங்கே நின்றுகொண்டு குப்பை என்று எப்படிச் சொல்வது? மானம் போகாதா? மற்றப் பாதி அதுதான்.

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது எப்போதும் அவளுடைய வேலை. எட்டு வயதிலிருந்து. கவுன்சிலுக்கு, டொக்டருக்கு, அவளுடைய பள்ளிக்கூடத்துக்கே கூட. நான் தமிழில் சொல்வேன், அவள் கால் நிலத்தில் முட்டாத கதிரையில் இருந்து ஆங்கிலத்தில் எழுதுவாள். குரோய்டன் விசா அலுவலகத்துக்குப் போன ஒரு படிவத்தில், எனக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று ஒரு கேள்வி இருந்தது. "நல்லாத் தெரியும் எண்டு போடு" என்றேன். பிள்ளை பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து அப்படியே போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தாள். மனைவி வேலையில். மடிக்கணினி மேசையில் திறந்தபடி இருந்தது, அந்தப் பக்கமும் திறந்தே இருந்தது. நான் கடைக்குப் போகவென்று சப்பாத்தைப் போட்டவன், கழற்றாமல் போய் மேசையில் இருந்தேன். டேட்டாவைத் தேடி அழுத்தினேன். மாற்றவா என்று கேட்டது. ஓம். நிச்சயமாகவா என்று இன்னொருமுறை கேட்டது. அந்த மெசினுக்கு இருந்த யோசனை எனக்கு இருக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. "அம்மா, சிஸ்டம் பிழை விட்டிட்டுது, என்ர குப்பை போச்சு" என்று அழுதாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, அதற்குப்போய் அழுதாள். சனிக்கிழமை முழுவதும் நான் கல்லுப்போல இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் முறைப்பாடு எழுத உட்கார்ந்தாள். எழுத எழுதத் தாய்க்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்: பிழை முழுவதும் அலுவலகத்தில்தானாம், பொறுப்பானவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

"எழுதாதை பிள்ளை. அது நான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அதற்கு மறுமொழிகளும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"சின்னனில இருந்து உங்கட எத்தினை ஃபோர்ம் நிரப்பியிருப்பன். ஒருநாளாவது நீங்கள் சொன்னதை மாத்தி எழுதினனானே? இங்கிலீஷ் நல்லாத் தெரியும் எண்டு சொன்னனீங்கள். அப்பிடியேதானே போட்டனான், அப்பா."

என் வாழ்க்கையில் பல அதிகாரிகளுக்கு முன்னால் கூனிக்குறுகி நின்றிருக்கிறேன். என் பிள்ளைக்கு முன்னால் பட்ட வெட்கம் அப்போது படவில்லை. மனைவி எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "நடந்ததை நீங்களே எழுதுங்கோ." ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஆங்கிலத்தில் ஏழு வரி எழுதினேன். தகப்பனாகிய நான்தான் மாற்றினேன், அவளுக்கு இதில் பங்கில்லை, அவளுடைய இடத்தைத் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். எழுத்துப்பிழை நிறைய இருக்கும் என்று எனக்கே தெரியும்.

"ஒருக்காப் பார்த்துத் திருத்தி விடு பிள்ளை."

"நீங்கள் எழுதினதை நான் மாத்தமாட்டன்" என்றாள். அப்படியே அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை மரியாதையான பதில் வந்தது. அந்த வகுப்பு நிரம்பிவிட்டது, வருந்துகிறோம். அவள் டேட்டா வகுப்புக்குப் போனாள். நல்ல புள்ளிகள்கூட வாங்கினாள். ஆனால் அந்தத் தவணை முழுவதும் அந்த வகுப்பைப் பற்றி வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவள் வாய் ஓயாது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முன் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். "மகள் இப்ப என்ன படிக்கிறா?" சொல்லிப் பெருமைப்பட நல்ல பதில் என்னிடம் இருந்தது. அதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன். மகள் பக்கத்தில் தட்டோடு நின்றாள்.

"அவவையே கேளுங்கோ அண்ணை" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பேனையைத் தூக்கிக்கொண்டு பார்த்த அதே பார்வை. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"குப்பையைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டனான், அங்கிள். இடம் கிடைக்கேல்லை."