இருபத்தைந்து எம்பிக்குள் அக்கா

எனக்கு முன்னால் பிறந்து, இரண்டு வயதிலேயே காய்ச்சலில் போய்விட்ட ஓர் அக்கா எனக்கு இருந்தாள். பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து இடுகாட்டில் அவளைப் புதைத்துவிட்டு, ஈர சிமெண்டில் பால்மரம் சீவும் உளியால் அவள் பெயரைக் கீறி வைத்தார் அப்பா. அவரும் இப்போது இல்லை. ஈப்போவில் என்னோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் கல்லைத் தெரியும்.

தோட்டத்தை வாங்கி, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட கம்பெனி இடுகாட்டைத் தோண்டப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. எலும்பு வேண்டுமென்றால் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டுமாம். தோட்டத்து வாசலிலிருந்து குழிவரை இடையில் வெட்டாத ஒரே வீடியோ, கல்லில் பெயர் தெரிய வேண்டும், இருபத்தைந்து எம்பியைத் தாண்டக் கூடாது. இதை எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது அந்தச் செம்பனைக் காட்டுக்குள் நடந்திருப்பானா?

"எம்புள்ளய மத்ததோட சேத்து அள்ளிக் கொட்ட விட்டுறாதடா. எடுத்துட்டு வா, கோலா கங்சார் ஆத்துல கரைச்சிருவோம்," என்றாள் அம்மா.

கடைசி நாள்வரை இழுத்தடித்தேன். என் புத்தி அப்படி. பதினோரு நிமிடம் நடந்து எடுத்தேன். கல்லில் இருந்த பாசியைக் கட்டைவிரலால் தேய்த்து, பெயரைச் சத்தமாக வாசித்தேன். எழுத்து பளிச்சென்று இருந்தது. வீடியோதான் இரண்டு ஜிபி.

"கம்ப்ரஸ் பண்ணிரு மச்சான், செனாங் லா, ரொம்ப ஈசி, ஒரு வேலையும் இல்ல," என்றான் கூட வேலை செய்பவன். அவன் சொன்ன செயலியில் 'மிகச் சிறியது' என்பதைத் தொட்டேன். போன் கொதித்தது. முடிவில் இருபத்து மூன்று எம்பி! முதல் பத்து நொடி ஓட்டிப் பார்த்தேன், வாசல் பலகை தெரிந்தது, அனுப்பிவிட்டேன். போனில் இடமில்லை என்று வந்துகொண்டே இருந்ததால் பெரிய வீடியோவை அழித்தும் தொலைத்தேன். மடையன்.

மூன்று வாரம் பதில் இல்லை. நானே கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க வீடியோல பேரு தெரியலண்ணே," என்றாள் அந்த ஆபீஸ் பெண். "யாரும் கேக்காத குழிங்களோட சேத்து போன வாரமே தோண்டிட்டாங்க. எல்லாத்தையும் ஒரே குழியில போட்டாச்சு."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா லா?"

"சாரிண்ணே."

அப்புறம்தான் வீடியோவை முழுசாகப் பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் என் கட்டைவிரல் கல்லின்மேல் போகிறது. அதன் கீழே கஞ்சி கொட்டிய மாதிரி ஒரு சாம்பல் நிறம். ஓர் எழுத்துகூட இல்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மாவிடம் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் படத்தப் போடு," என்றாள். போட்டேன். விரல் கல்லைத் தேய்த்தது. என் குரல் அக்காவின் பெயரை வாசித்தது. இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டேன்.

"பேரு நல்லாத்தானேடா கேக்குது," என்றாள் அம்மா. "அப்புறம் எதுக்கு இல்லேன்னாங்க?"