காது அடைத்த வண்டி

என் கொழுந்தனைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் நல்லதைத்தான் சொல்வேன். கெட்டதைச் சொல்ல நேரம் வேண்டும், மூச்சும் வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பட்டப்பெயர் ‘காது’. இன்ஜின் மேல் ஒரு சின்ன மைக்கை ஒட்டி, தலையில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நாலு சிலிண்டரில் எது முனகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். பக்கத்தில் நின்று சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காதுக்குக் கேட்காது.

ஒரே ஷெட், இரண்டு பேர் வேலை. என் வீட்டுக்காரர் இன்ஜினைப் பிரித்துக் கட்டுவார். தம்பி அதன் மூளையைத் திருத்துவார். காருக்கு வேகம் கூட்டப் பெரிய டர்போ போட்டால் மட்டும் போதாதாம். எவ்வளவு பெட்ரோல் விடுவது, எந்த நொடியில் பொறி தட்டுவது என்று கம்பெனி எழுதிவைத்த கணக்கு அதற்குப் பொருந்தாது. அந்தக் கணக்கை லேப்டாப்பில் திறந்து, கட்டம் கட்டமாக மாற்றி, மறுபடியும் வண்டியின் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். இதைத்தான் மேப் போடுவது என்கிறார்கள். நான் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பேன், கேஸ்கட் வரவழைப்பேன், ‘நேத்தே தர்றேன்னு சொன்னீங்களே’ என்று வருகிறவர்களிடம் திட்டு வாங்குவேன். அண்ணனும் தம்பியும் அந்த நேரம் பார்த்துத்தான் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

இன்ஜினுக்குள் பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்தால் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும். நாக்கிங் என்பார்கள். விட்டால் பிஸ்டனைத் தின்றுவிடும். அதைக் கேட்பதற்கென்றே இன்ஜின் உடம்பில் ஒரு சென்சார் உண்டு. சத்தம் வந்த உடனே கம்ப்யூட்டர் பொறியைத் தள்ளிப்போட்டு இன்ஜினைக் காப்பாற்றும். ஆனால் மேப் போடும்போது அது குறுக்கே புகுந்தால், தான் எழுதிய கணக்கு சரியா தப்பா என்று தெரியாது என்று தம்பி அந்தக் காவலை அணைத்துவிடுவார். அந்த நேரத்துக்கு அவர் காதுதான் காவல். வேலை முடிந்ததும் காவலைத் திரும்பப் போட்டு, அதற்கப்புறம்தான் வண்டியை, நின்ற இடத்திலேயே சக்கரத்தை ஓடவிட்டு பவரை அளக்கிற உருளை மேலிருந்து இறக்குவார். மறந்துவிடக் கூடாதென்று ஸ்டியரிங்கில் சிவப்பு டேப் ஒன்றை ஒட்டிவைப்பார். காவலைப் போடாமல் டேப்பை உரிக்கக் கூடாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். இந்த விஷயத்தில் நான் அவரைக் குறை சொல்லவே மாட்டேன், அந்த ஒரு நாளைத் தவிர.

அந்த நாளுக்குக் காரணம் அவர் மாமனார் வீடு. எல்லாரும் ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள். கல்யாணமான புதிதில் மாமனார் இவரை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், “நம்ம மாப்பிள்ளை, ஏதோ கார் வேலை” என்று சொல்லிவிட்டு அவசரமாக வேறு பேச்சுக்குத் தாவுவார். அந்த ‘ஏதோ’ தம்பிக்கு உள்ளே தைத்துக்கொண்டே இருந்தது. பிறகு அவர் மச்சான், அதாவது என் ஓரகத்தியின் தம்பி, ஒரு டர்போ கார் வாங்கினான். வாங்கின கையோடு அதை மாற்றிக் கட்ட வேண்டும் என்று இங்கே கொண்டு வந்தான். இன்ஜினை என் வீட்டுக்காரர் கட்டினார், மேப்பைத் தம்பி போட்டார். மாமனார் வீட்டில் ‘ஏதோ கார் வேலை’ போய் ‘எங்க வீட்டு இன்ஜினியர்’ என்று ஆனது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டியை உருளை மேல் ஏற்றிய அன்று மச்சான் தன் கூட்டாளிகளோடு வந்து இறங்கினான். ஆளுக்கொரு போன், எல்லாம் வீடியோ. சக்கரம் உருள, திரையில் பவர் எண் ஏற ஏற, ஷெட்டே அதிர்ந்தது. அவர்கள் எதிர்பார்த்ததைவிட எக்கச்சக்கமாக வந்துவிட்டது. ஒருத்தன் விசில் அடித்தான். இன்னொருத்தன் தம்பியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

“மாமா, உள்ள உக்காருங்க, ஸ்டியரிங் பிடிச்ச மாதிரி ஒண்ணு எடுத்துக்கறோம்” என்றான் மச்சான். “அந்த டேப் மட்டும் அசிங்கமா தெரியுது, எடுத்துடுங்களேன்.”

தம்பி சிரித்துக்கொண்டே டேப்பை உரித்தார். முன்னறைக் கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன். பார்த்தாலும் எனக்கு என்ன புரியும், காவலைப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். போடவில்லை. வீடியோவுக்குப் போஸ் கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார், வாசல் வரை போய் வழியனுப்பினார். வண்டி காதை அடைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிப் போய்விட்டது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு கொளுத்தும் மதியம், மேட்டு ரோட்டில் மச்சான் மிதித்துக்கொண்டு போகும்போது, புகையாய்க் கக்கி நின்றது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

இன்ஜினைத் திறந்தால் ஒரு பிஸ்டனின் விளிம்பு உடைந்து, அதைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங் துண்டு துண்டாகக் கிடந்தது. இப்படி உடைய இரண்டு காரணம் உண்டு. நாக்கிங் தின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளியைக் கட்டினவர் குறைத்து விட்டிருக்க வேண்டும். சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும். முதலாவது தம்பியின் தப்பு, இரண்டாவது என் வீட்டுக்காரரின் தப்பு.

அவர் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “டேய், ஓரத்துல பொடிப்பொடியா குழி விழுந்த மாதிரி இருக்கே. நாக் ஆயிருக்குமோ?”

தம்பி லேப்டாப்பை வண்டியில் சொருகிப் பார்த்திருந்தார். காவல் அணைந்தே கிடந்தது என்று அவருக்கு அந்த நிமிஷம் தெரியும். மச்சானும் மாமனாரும் பக்கத்தில் நின்றார்கள்.

“வாய்ப்பே இல்லண்ணே. கம்ப்யூட்டர் கேட்டுக்கிட்டேதான இருக்கு? நாக் வந்தா அதுவே குறைச்சிருக்கும்.”

பச்சைப் பொய். அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

என் வீட்டுக்காரர் பிஸ்டனை மேஜை மேல் வைத்தார். “அப்போ நான் ரிங்குக்கு விட்ட கேப்தான் தப்பு” என்றார். அதற்கு மேல் அவர் வாதாடவே இல்லை. தம்பி சொன்னால் அவருக்கு அது முடிந்த பேச்சு.

அந்த வாரமே மாமனார் வீட்டுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் நடுஹாலில் நின்று, தன்னைவிட எவ்வளவோ சின்னப் பையனான அந்த மச்சானிடம், “தப்பு என்மேலதான். நானே திரும்பக் கட்டித் தர்றேன். மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். மாமனார், “சரி சரி, வயசாகுதுல்ல, கண்ணு முன்ன மாதிரி இருக்காது” என்று ஆறுதல் சொல்கிற மாதிரி குத்தினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. தம்பி பக்கத்தில்தான் நின்றார். ஜன்னல் திரையின் ஓரத்தைப் பிடித்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அண்ணன் அவமானப்படுவது தாங்காமல் தவிக்கிறார் என்று நினைத்து நான் அவருக்காக வேறு பரிதாபப்பட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் பழைய ஆளாக இல்லை. டர்போ வண்டி வந்தால் வேறு ஒர்க்‌ஷாப்புக்கு வழி சொல்லி அனுப்பினார். சாதாரண இன்ஜினுக்கு ரிங் போடும்போதும் இடைவெளியை அளந்துவிட்டு, அளக்கிற கேஜ் தகட்டைத் துடைத்து மறுபடி அளப்பார். அப்புறம் முன்னறைக்கு வருவார்.

“ஒரு நிமிஷம் வந்து நீ பாரேன். தகடு தாராளமா போகுதா, உரசிக்கிட்டுப் போகுதா?”

“எனக்கென்னங்க தெரியும்? நீங்க பாக்காததையா நான் பாக்கப் போறேன்?”

“என் கையை எனக்கே நம்ப முடியலடி.”

இந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் தம்பி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு லேப்டாப்புக்குள் குனிந்துகொள்வார். ஓடாத வண்டிக்கு எதற்கு ஹெட்ஃபோன் என்று எனக்கு அன்றே கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

மச்சானின் இன்ஜின் மறுபடி தயாரானது. தம்பி புது மேப் ஏற்றினார். இந்த முறை காவலோடு. பழைய மேப்பை லேப்டாப்பிலிருந்து தடயமே இல்லாமல் அழித்தார். வண்டி ஜம்மென்று ஓடியது. ஒப்படைக்க நாங்கள் மூன்று பேரும் போனோம். மாமனார் வீட்டில் சாப்பாடு. என் ஓரகத்தி முந்தின நாளே அங்கே போய்விட்டிருந்தாள்.

சாப்பிடும்போது மாமனார் கேட்டார். “என்ன, இந்தத் தடவையாவது நல்லாப் பாத்துச் செஞ்சீங்களா?”

“பாத்துத்தான் செஞ்சேன்” என்றார் என் வீட்டுக்காரர். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே தம்பியிடம் சொன்னார்: “இருந்தாலும் நீ பவரைக் குறைச்சே வைடா. என் வேலைய நம்பி ஏத்தாத.”

தம்பியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணே, உங்க வேலைல ஒரு குறையும் இல்ல” என்றார். “நான்தான் காவலைத் திரும்பப் போட மறந்தேன். வீடியோ எடுக்கறாங்கன்னு டேப்பை உரிச்சுட்டேன். நாக்கிங்லதான் இன்ஜின் போச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னேன்.”

முதலில் சிரித்தது மச்சான்தான்.

“விடுங்க மாமா! அண்ணனுக்காக நீங்க பழிய ஏத்துக்கறீங்களா? அவர் மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல.”

“இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்” என்றார் மாமனார். அவர் கண் கலங்கியே விட்டது. பக்கத்தில் நின்ற என் ஓரகத்தி பெருமையில் பூரித்துப் போய்ப் புருஷனுக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

“நிஜமாத்தான் சொல்றேன்” என்று தம்பி குரலை உயர்த்தினார். உயர்த்த உயர்த்த அவர்கள் பார்வையில் அவர் இன்னும் உயர்ந்துகொண்டே போனார்.

நான் கேட்டேன். “தம்பி, பழைய மேப்பைக் காட்டுங்க. அதுல தெரியுமில்ல?”

அவர் என்னைப் பார்த்தார். “அழிச்சுட்டேன் அண்ணி.”

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்த அந்தச் சிரிப்பு, திரையை மடித்துக்கொண்டிருந்த கை எல்லாம். எழுந்து கத்தியிருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரர் ஏற்கெனவே எழுந்து, தம்பியின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போய்க்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது எங்கள் காரை அவர்தான் ஓட்டினார். நான் முன்னால், தம்பி பின்னால். சிக்னலில் நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“தம்பி சொன்னது நிஜம்ங்க. நான் பாத்தேன், அன்னிக்கு அவர் டேப்பை உரிச்சதை.”

“நீயும் ஆரம்பிச்சுட்டியா?” என்றார். கோபமே இல்லாத குரல். “நிஜமா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பான். அந்த ஹால்ல அத்தனை பேர் முன்னாடி என்னை மன்னிப்புக் கேக்க விட்டுட்டுச் சும்மா நின்னிருப்பானா? என் தம்பி அப்படிப்பட்ட ஆள் இல்லடி.”

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி நகர்ந்தது.

“அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க” என்றார் தம்பி. “நான் இங்கயே இறங்கிக்கறேன்.”

“வீடு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு, இங்க இறங்கி என்னடா பண்ணப் போற?”

“நிறுத்துங்கண்ணே” என்றார் மறுபடியும். அந்தக் குரலைக் கேட்டு என் வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். தம்பி இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார். எங்கள் பக்கம் திரும்பாமல், வந்த வழியே நடந்து போனார்.