கடைசிப் பயணத்துக்கு ஆள் எடுத்தது

அமெரிக்க விண்ணோடத்தின் கடைசிப் பயணத்துக்கு நாலு பேரைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்ற செய்தியை வகுப்புக்குக் கொண்டுபோனவள் நான். இணையக் கடையில் நெடுநேரம் காத்திருந்து படித்தேன். படம் இறங்கவேயில்லை, எழுத்து மட்டும் வந்தது. அதுவரை பெரும்பாலும் ஏழு பேர் போவார்கள், சில முறை ஆறு பேர். இப்போது நாலு. காரணமும் போட்டிருந்தது. மேலே போன ஓடத்துக்கு ஏதாவது ஆனால் மீட்டுவர இன்னொன்று தயாராக நிற்கும். கடைசி ஓடத்துக்குப் பின்னால் அப்படி நிற்க எதுவும் இல்லை. பழுதானால் ரஷ்யர்களின் சிறிய கலத்தில் ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். அதனால் ஆள் குறைவு. குறைந்த ஆட்கள் நிறைய வேலை செய்ய வேண்டியிருப்பதால் நால்வருமே முன்பு போய் வந்தவர்கள். புதியவர் ஒருவரும் இல்லை.

இதையெல்லாம் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். எனக்கு எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் புரியும்.

எங்களுக்கும் அப்போது ஒரு கடைசிப் பயணம் பாக்கி இருந்தது. நாங்கள் பர்மியத் தமிழர்கள். தாகேதாவில் ஒரு மரக் கிடங்கின் மாடியில் எங்கள் டியூஷன் நடந்தது. நான் இன்சீனில் மின்னணுவியல் டிப்ளமா முடித்துவிட்டு, வார நாட்களில் ஒரு கடையில் இன்வெர்ட்டர் பழுது பார்த்தேன், வார இறுதியில் இங்கே இயற்பியல் நடத்தினேன். கணக்கு நடத்தியவர் துணிக்கடைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அண்ணனை நானா என்பது அவர்கள் வீட்டு வழக்கம், நானும் அவரை அப்படியே கூப்பிடுவேன். மாணவர்களுக்கு, ஆசிரியரைப் பர்மியத்தில் கூப்பிடுவதுபோல, அவர் சயா, நான் சயாமா. மாடியின் ஒரு கோடியில் ஒட்டுப்பலகையால் விண்ணோடத்தின் ஓட்டுநர் அறை போல ஒன்று கட்டியிருந்தோம். பழைய கார்களின் சுவிட்சுகள், நான் கடையிலிருந்து கொண்டுவந்த சிறு விளக்குகள், ஏழு நாற்காலிகள். மறு கோடியில் திரைக்குப் பின்னால் ஒரு மேசை. அதுதான் தரை நிலையம். இரண்டுக்கும் நடுவே தொலைபேசிக் கம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறினால் பிற்பகலில் இறங்குவார்கள். எந்தச் சுவிட்சை எப்போது போடுவது, யார் யாரிடம் சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் தாள் உண்டு. பர்மியத்தில் எழுதி, நடுவே தமிழும் கலந்திருக்கும். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று ஒருபோதும் சொன்னதில்லை.

தடிஞ்சுட் விளக்குப் பண்டிகை முடிந்ததும் மாடியைத் தையல் பட்டறைக்கு விடப்போவதாகக் கிடங்கு முதலாளி சொல்லிவிட்டார். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நேரம் இருந்தது. அதற்கு ஏழு பேரை முன்பே முடிவுசெய்திருந்தோம். ஏழாவது நாற்காலி ஒரு பெண்ணுக்கு.

அந்தப் பெண் மட்டும்தான் ஒரு முறையும் ஏறாதவள். பதினேழு வயது. எல்லாப் பயணங்களிலும் தரை மேசையில் உட்கார்ந்து மேலே இருப்பவர்களோடு பேசியவள். குரல் தெளிவாக இருக்கும், அவசரப்பட மாட்டாள். அவள் இருந்தால் மேலே இருப்பவர்கள் தைரியமாக இருந்தார்கள். அதனாலேயே ஒவ்வொரு முறையும் அடுத்த முறை என்று தள்ளிப்போனது. எங்கள் பள்ளிகளில் கடைசியான பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அவளை மலேசியாவில் சித்தியிடம் வேலைக்கு அனுப்புவதாக இருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. அவளுக்கு வேறு பயணம் வாய்க்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கரும்பலகையைப் பார்த்து முதலில் பேசியவன் மூன்று முறை ஏறியிருந்த ஒரு பையன். வாய்த்துடுக்கு அதிகம், வேலை சுத்தம்.

"அப்ப நாமளும் நாலு பேரு."

"நம்ம ஓடத்துக்கு அது தேவையில்லை," என்றேன்.

"அவங்க செய்யறதை அப்படியே செய்யணும்னு நீங்கதானே சொல்வீங்க சயாமா? பல்பு நிறம் மாறினாக்கூட விட மாட்டீங்க. இப்ப மட்டும் ஏன்?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கே மூன்று நாற்காலிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். நாலு போதும் என்று கேள்விப்பட்ட முதலாளி, மறுநாளே அந்த மூன்றையும் பட்டறைக்கு எடுத்துக்கொண்டார். அதன் பிறகு மனம் மாறினாலும் நாற்காலி இல்லை.

நானா ஒரே வரியில் முடித்தார். "அனுபவம் உள்ளவங்க நாலு பேர். செய்தியிலே அப்படித்தான் இருக்கு."

"அப்ப அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

"கேட்டுட்டேன் தங்கச்சி. யபாடேன்னு சொல்லிடுச்சு."

யபாடே. பர்மிய வார்த்தை. எங்கள் வீடுகளில் தமிழோடு தமிழாகப் புழங்கும். டீக்கடையில் இன்னொரு கோப்பை வேண்டுமா என்று கேட்டால் யபாடே என்போம், வேண்டாம் என்று அர்த்தம். இந்த மூட்டையைத் தூக்க முடியுமா என்று கேட்டாலும் யபாடே என்போம், முடியும் என்று அர்த்தம். யாராவது காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் அதேதான். பரவாயில்லை, ஆகட்டும், இருக்கட்டும், விடுங்கள், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். முகத்தையும் கேள்வியையும் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

"நீங்க என்ன கேட்டீங்க நானா?"

"இந்த வாட்டி நாலு பேர்தான், நீ இருந்துக்கறியான்னு கேட்டேன்."

"மேல இருந்துக்கறியாவா, கீழ இருந்துக்கறியாவா?"

அவர் சற்று யோசித்தார். "கீழதான். வேற எங்க?"

"அதை வாய்விட்டுச் சொன்னீங்களா?"

"இன்வெர்ட்டரைக் குடையற மாதிரி என்னைக் குடையாதே," என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலை க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போனேன். அவள் அம்மா அங்கே வெங்காயமும் உருளைக்கிழங்கும் விற்றார். விடுமுறை நாட்களில் அவளும் கூட இருப்பாள். மழை விட்டிருந்தது, வழியெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்து நின்றார்.

"வாங்க சயாமா. பொண்ணு ஏதாச்சும் பண்ணிடுச்சா?"

"இல்லம்மா."

"அப்ப வெங்காயமா? ஏன், தாகேதாவுல வெங்காயம் முளைக்கலையா?"

விஷயத்தைச் சொன்னேன். கடைசிப் பயணம், நாலு பேர்.

"நாலு பேரா?" அவர் சிரித்தார். "எங்க பக்கம் நாலு பேர் சேந்தா ஒருத்தரைத் தூக்கிட்டுப் போறதுக்கு. கடைசிப் பயணம்னு வேற சொல்றீங்க." தான் மட்டும் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "அஞ்சா ஆக்கக்கூடாதா?"

"நாற்காலி இல்லம்மா."

பெண் தராசுக்குப் பின்னால் நின்று ஒருவருக்கு வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் பர்மியத்தில் கேட்டேன். மேலே போக உனக்கு இஷ்டமா?

"யபாடே, சயாமா."

"பாத்தீங்களா?" என்றார் அம்மா. "எதைக் கேட்டாலும் இதேதான். மலேசியா போறியான்னு கேட்டேன். யபாடே. சித்திக்கு அன்னைக்கே போன் போட்டுச் சொல்லிட்டேன், பொண்ணு சரின்னுட்டான்னு."

பெண் தராசுத் தட்டைத் துடைத்தாள். தட்டில் ஒன்றுமில்லை.

அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது மட்டும் தயங்கித் தயங்கி வரும், பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுவாள். அதனால் யாரும் அவளைத் தமிழில் பதில் சொல்லச் சொல்வதில்லை. நான் சொன்னேன். "தமிழ்ல சொல்லு. வேணுமா, வேண்டாமா?"

தமிழில் இந்தக் கேள்விக்கு நடுவில் நிற்க இடமில்லை. அவளும் அப்படி ஓர் இடத்தைத்தான் தேடினாள் என்று நினைக்கிறேன். படகு ஒன்று வந்து முட்டியது. கூடைக்காரர்கள் இறங்கி எங்களைத் தாண்டிப் போனார்கள். அம்மா பேச வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"வேணும்," என்றாள்.

"எது வேணும்?" என்று கேட்டார் அம்மா. குரல் மாறியிருந்தது.

"அந்த நாற்காலி."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மலேசியா பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும்போது ஒரு பை வெங்காயத்தை என் கையில் திணித்தார், காசு வாங்கவில்லை.

நானாவிடம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. ஒன்றுதான் கேட்டார். "யாரை எடுத்துட்டு? பேரைச் சொல்லு."

அதுதான் கடினமான பகுதி. நான் வரிசைப்படுத்திப் பார்த்தேன். வேலை தெரிந்தவர்கள், சுவிட்சில் கை பழகியவர்கள், அதிக முறை ஏறியவர்கள். எப்படி எழுதினாலும் அந்தப் பெண் நாலுக்குள் வரவில்லை, அந்த வாய்த்துடுக்குப் பையன் இரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம் புரிந்தது, நான் வேறு யாருடைய ஓடத்துக்கோ ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே தெரியாத ஒருவர் ஏறினால் உயிர் போகும். அதனால் அனுபவம். எங்கள் பலகைப் பெட்டி யாரையும் கொல்லாது. எங்களிடம் பங்குபோட இருந்தது ஏறுவது மட்டும்தான். அப்படியானால் மூன்று முறை ஏறியவன்தான் இறங்க வேண்டும்.

அவனைத் தனியாக அழைத்துச் சொன்னேன்.

"என்னைத் தூக்கிட்டீங்களா?"

"ஆமா."

"நல்லாத்தானே செஞ்சேன்?"

"நல்லாத்தான் செஞ்சே. மூணு தடவை செஞ்சே."

"அனுபவம் உள்ளவங்களைத்தான் எடுப்பாங்கன்னு போர்டுல எழுதினது நீங்க."

"நான்தான்."

"அழிச்சுட்டு எழுதியிருக்கலாம்," என்றான். படியிறங்கிப் போனான். நான் பின்னால் போகவில்லை. போய் என்ன சொன்னாலும் நாற்காலி ஒன்று கூடப்போவதில்லை. அவன் அம்மா மறுநாள் வந்து நானாவிடம் காரணம் கேட்டார். நானா முழுவதையும் சொன்னார். அவர் திருப்தியாகப் போகவில்லை.

ஒத்திகைக்கு அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தோம். வந்தான். நேராகத் தரை மேசைக்குப் போய் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினான்.

ஒத்திகையில் அந்தப் பெண் தடுமாறினாள். எத்தனையோ முறை படித்துச் சொன்ன வரிகள்தான், ஆனால் இப்போது அவற்றைக் கேட்டுச் செய்ய வேண்டும். தரை கேட்க வேண்டிய கேள்வியை அவளே கேட்டாள், அவளே பதிலும் சொன்னாள். ஓட்டுநர் நாற்காலியில் இருந்தவன் திரும்பி, "அக்கா, நீ இப்ப மேல இருக்கே. கீழே இருந்து பேசாதே," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பயணத்தன்று அந்தப் பெண்ணின் அம்மா கடையை அடைத்துவிட்டு வந்து, மாடியின் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் லப்பெயே தேநீர்க் கோப்பை, குடிக்கவில்லை. காலையில் ஏறினார்கள். அவள் இரண்டு சுவிட்சுகளைத் தவறாகப் போட்டாள், ஒன்றைத் தானே கண்டுபிடித்தாள், மற்றதைத் தரையிலிருந்து சொன்னார்கள். பிற்பகலில் இறங்கத் தொடங்கினார்கள்.

இறங்கும்போது காற்றின் சூட்டில் பேச்சு அறுந்துபோகும் என்று பழைய புத்தகம் ஒன்றில் படித்து, அதையும் நாங்கள் வைத்திருந்தோம். அந்த நேரம் முழுவதும் தரை மேலே கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் பதில் சொல்லக் கூடாது. கம்பியில் குரல் என்னவோ கேட்கும், கேட்டாலும் பேசக் கூடாது என்பது விதி. இத்தனை பயணங்களிலும் கூப்பிட்டவள் அவள். பதில் வராத கம்பியில் ஒரே சீராக, அவசரப்படாமல் கூப்பிடுவாள்.

இப்போது அந்தப் பையன் கூப்பிட்டான். அவன் வழக்கமான வேகத்தில் அல்ல, அவள் கூப்பிடும் வேகத்தில். ஒவ்வொரு முறையும் அதே வரி, நடுவில் அதே இடைவெளி. நான் அறையின் பக்கவாட்டில் இருந்த சிறு துளை வழியாகப் பார்த்தேன். மற்ற மூவரும் விளக்குகளைப் பார்த்தபடி இருந்தார்கள். அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். விதிப்படி உதடு அசையவில்லை.

நேரம் முடிந்ததும் ஓட்டுநர் பதில் சொன்னான். அறை அதிர வேண்டிய இடத்தில் நானா வழக்கம்போல வெளியிலிருந்து பலகையைத் தட்டி அதிரவைத்தார். இறங்கிவிட்டார்கள். கதவைத் திறந்தோம். மூன்று பேர் வெளியே வந்தார்கள், கைதட்டல் கேட்டது. பையன் தரை மேசையில் ரிசீவரை வைத்துவிட்டு, தாள்களை அடுக்கிக் கட்டினான்.

அவள் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, அணைந்துவிட்ட விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து கதவுவரை போனார், உள்ளே எட்டிப்பார்த்தார், கூப்பிடாமல் அங்கேயே நின்றார்.

முதலாளி அனுப்பிய தச்சர்கள் இருவர் அதற்குள் மாடிக்கு வந்துவிட்டார்கள். மாலைக்குள் எல்லாவற்றையும் இறக்க வேண்டுமாம். ஒருவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் அறைப் பக்கம் நடந்தார். நான் அவரை நிறுத்தி, தரை மேசையை முதலில் கழற்றச் சொன்னேன்.