சீல் உடைந்த கிராபிக்ஸ் கார்ட்

சண்டைக் காலத்தில், எங்கள் ஊரான ஓர்ஸ் ஹில்லில் என் மகள் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அடையாள அட்டைப் படங்கள் செய்து கொடுத்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஒருநாள் திரை இருண்டுவிட்டது. கிராபிக்ஸ் கார்ட் பழுது, புதிது வேண்டும் என்றாள். இளம் பெண்களைச் சென்றியில், அதாவது ராணுவச் சோதனைச் சாவடியில், மறித்து வைப்பார்கள் என்பதால், ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான் கடைக்குப் போனேன்.

“தம்பி, எங்கட பழைய மெஷின். கொண்டு வந்து காட்டட்டோ?” என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். “கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சென்றி தாண்டப் போறீங்களோ? இது எல்லாத்துக்கும் பொருந்தும். கொண்டு போங்கோ அம்மா.”

திரும்பும் வழியில் ஆமிக்காரன் பெட்டியின் சீலைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டான். வீட்டில் மகள் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

“அம்மா, இது செருகிற இடம் வேற மாதிரி. எங்கட மெஷினுக்குள்ள பூராது.”

உடனே கடைக்கு ஓடினேன்.

“சீல் உடைஞ்சிட்டுதே, இனித் திருப்பி எடுக்க ஏலாது” என்றார் கடைக்காரர்.

“நானோ உடைச்சனான்?”

“அப்ப ஆமியிட்டப் போய்க் கேளுங்கோ.”

கடையில் நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். கூச்சத்தில் நான் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். படம் எடுக்க வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்கள் திரும்பி வரவேயில்லை.

இப்போது எதை வாங்கப் போனாலும் பழுதான பாகத்தைக் கழற்றி, உள்ளே இருப்பது தெரியும் பொலித்தீன் பையில் கொண்டு போகிறேன். கடைக்காரரே சீலை உடைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் வாங்குவேன். முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.