கோரல் வெட்டிய லைலாக்

கோரல் பென்ஹாலுக்கு ஒரே ஆசைதான். ஊர் வசந்தக் கண்காட்சியில் லைலாக் என்ற வாசனைப் பூவுக்கு முதல் பரிசாகக் கொடுக்கிற நீல ரிப்பனை ஒரு தரமாவது வாங்கிவிட வேண்டும். பள்ளிக்கூட கேன்டீனில் காலமெல்லாம் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி சுட்டவளுக்கு இது பேராசையா என்ன? ஆனால் பராமரிப்பில்லாத அவள் வீட்டு லைலாக் கூரைக்கு மேல் ஏறி, வேலியைத் தாண்டிச் சாய்ந்திருந்தது. பூவெல்லாம் கைக்கு எட்டாத உச்சியில்; அவள் பக்கம் வெறும் கட்டைதான்.

பக்கத்து வீட்டுக்காரி மேவிஸ் ட்ரெங்கோவ், தோட்டச் சங்கத் தலைவி. வருஷா வருஷம் ரிப்பன் அவருக்குத்தான்.

"செடியை வெட்டிரலாம்னு பாக்குறேன், மேவிஸ்."

"ஐயையோ, தொட்டா பட்டுப்போயிரும்மா! உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்? பேசாம போய் ஸ்கோன் சுடு."

அந்த ஸ்கோன்தான் சுருக்கென்று தைத்தது. கோரல் பழைய சாமான் கடையில் இங்கிலாந்துத் தோட்டப் புத்தகம் ஒன்றை வாங்கினாள். 'ஜூனில் பூ ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டுக' என்றது அது. ஜூன் வந்தது. பூமியின் தென்பாதியில் இருக்கிற இந்த ஊரில் அது குளிர்காலம்; புல்லெல்லாம் உறைபனி. ரம்பமும் கையுமாக இறங்கி, வசந்தத்துக்காகக் காத்திருந்த மொட்டுகளோடு மொத்தத்தையும் சாய்த்துவிட்டாள். வேர்த்து ஒழுகிக்கொண்டே பனிமனிதன் படம் போட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிற ஊர் இது. இங்கிலாந்து ஜூன் வேறு, நம் ஜூன் வேறு என்று யாருக்குத் தோன்றும்?

வசந்தம் வந்த அக்டோபரில் கட்டைகளிலிருந்து தளதளவென்று தளிர் வந்தது. பூ ஒன்றுகூட இல்லை. செய்த தப்பு புரிந்த அன்று கோரல் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

போகாவிட்டால் இன்னும் சிரிப்பார்கள் என்று, ஒரு தட்டு ஸ்கோனோடு கண்காட்சிக்குப் போனாள். லைலாக் மேசையில் மேவிஸின் பெயர் அட்டை வழக்கமான இடத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த ஜாடி காலி.

"என்ன மேவிஸ், உங்க செடிக்கு என்னாச்சு?" என்றார் நடுவர்.

மேவிஸ் திரும்பினார். கோரலைப் பார்த்ததும் முகம் சிவந்து சீறினார்: "வேலிப்பக்கத்துக் கிளையையாவது விட்டுவச்சிருக்கக் கூடாதா?"

கோரலுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. இத்தனை வருஷமும் ரிப்பன் வாங்கியது வேலி தாண்டிச் சாய்ந்த தன் வீட்டுப் பூ! எரிச்சலோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. தட்டிலிருந்து ஒரு ஸ்கோனை எடுத்து மேவிஸிடம் நீட்டினாள்.

"கவலப்படாதீங்க மேவிஸ். செடி பட்டுப்போகல. இனிமே கைக்கு எட்டுற உயரத்துலதான் பூக்கும். என் கைக்கு."